குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் ஒரு லேண்டிங்

ரிமோட் விமானத் தொழிலில் ஒரு வசதி உண்டு: வேலை பார்த்துக் கொடுத்த சாமான் கெட்டுப்போய்த் திரும்பி வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அன்று சாயங்காலமே வந்துவிடும்.

நெய்வேலி மெயின் பஜாரில் எனக்கு ஒரு சின்னக் கடை. முதலில் டிவி, மிக்ஸி ரிப்பேர்தான் பார்த்தேன். டிவிகள் எல்லாம் தட்டையாகி, கெட்டால் தூக்கிப் போடுவது என்று ஆன பிறகு கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் கூரியரில் வந்த பேட்டரி விமானம் ஒன்றைக் கொண்டுவந்து, இதை மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். மாட்டிக் கொடுத்தேன், பறந்தது. அவர் சொல்லி இன்னொருவர், இன்னொருவர் சொல்லி வேறொருவர் என்று கடை பிழைத்துக்கொண்டது. பெட்டியோடு வருகிறவர்களுக்கு விமானத்தை மாட்டி, பேலன்ஸ் பார்த்து, முதல் தடவை நானே பறக்கவிட்டு, அவர்களாகவே தரையிறக்கும் வரை கூட நிற்பதுதான் இப்போது என் பிழைப்பு. சுரங்கமும் அனல்மின் நிலையமும் எட்டாத தூரத்தில், குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு பழைய கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. அங்கே பறக்கவிட முறையாக அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.

தையல் கடையோ, கம்ப்யூட்டர் சென்டரோ, மிக்ஸி ரிப்பேரோ, எதை நடத்தினாலும் "நான் ஒண்ணுமே பண்ணலங்க, தானா ஆயிடுச்சு" என்ற வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அழுவதற்காக அல்ல. திரும்பிப் பார்த்தால் எனக்கு இந்த ஜனங்கள் மேல் நன்றிதான் மிச்சமாக நிற்கிறது.

சார் இல்லையா?

சவரிமுத்து சார் முதல் தடவை கடைக்கு வந்தபோது என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "சார் இல்லையாம்மா?" என்றார். எந்த சார் என்று கேட்டேன். "பிளேன் மாட்டுற சார்." "அந்த சார் நான்தான் சார், உட்காருங்க" என்றேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை, ஸ்டூலை மட்டும் கொஞ்சம் சத்தமாக நகர்த்திப் போடுவேன்.

அவர் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர். பக்கெட் வீல் என்பது பல மாடி உயரத்துக்கு நிற்கும், மண் வெட்டும் இயந்திரம். நீளமான கை, அதன் நுனியில் பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். அதன் கேபினில் உட்கார்ந்தே சர்வீஸ் முழுக்கக் கழித்திருக்கிறார். மே மாதக் கடைசியில் ரிடையர்மென்ட். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சிலர் ஏதாவது காரணம் சொல்லிக் கொஞ்ச நாள் நீட்டிப்பார்கள். இவர் ஜனவரியிலேயே வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டவர். முத்தாண்டிக்குப்பத்தில் சொந்த வீடு கட்டி முடித்தாயிற்று. சுற்றிலும் முந்திரித் தோப்பு, வாசலில் பலா மரம். விமானம் இறக்க அங்கே கைக்குட்டை அளவு இடம் கிடையாது. அதனால் சாவியைக் கொடுப்பதற்குள் இந்த மைதானத்திலேயே காரியம் ஆக வேண்டும்.

என்ன காரியம் என்று கேட்டேன். கூட வந்திருந்த அவர் மனைவி லூர்து அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. சவரிமுத்து சார் விமானப் பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சர்வீஸ் பூரா பூமியத் தோண்டிக்கினே இருந்துட்டேன். ஒரு தபா ஒண்ண மேல ஏத்தி, நானே என் கையால பத்திரமா எறக்கணும்மா. அவ்ளோதான்."

லைன் கிளியர்

ஜெயக்குமார் அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். மகளுக்காக வாங்கிய விமானத்தை செட் செய்ய வந்திருந்தார். நான் பேட்டரியை மாட்டப் போனதும் மேஜையை விட்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். "லைன் கிளியர் வாங்கலையே மேடம்?" என்றார். மின் நிலையத்தில் ஒரு மோட்டாரில் கை வைக்க வேண்டுமென்றால், அதற்கு வரும் கரண்டை நிறுத்திவிட்டு, இனி இது ஓடாது, தொடலாம் என்று எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குப் பெயர் லைன் கிளியர். அது இல்லாமல் எவ்வளவு பெரிய இன்ஜினியர் சொன்னாலும் தொடமாட்டார்கள். என் மேஜையில் இருந்ததோ உள்ளங்கை நீளப் புரொப்பெல்லர். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, விமானத்தின் மூக்கிலிருந்து புரொப்பெல்லரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப மாட்டுங்க" என்றார்.

மாட்டினேன். சால்டரிங் கம்பியை எடுக்கத் திரும்பியபோது என் முழங்கை ரிமோட்டில் பட்டது. மோட்டார் உய்யென்று முழு வேகத்தில் சுற்றியது. என் இடது கை அதற்கு நேர் எதிரே இருந்தது. அன்றிலிருந்து எந்த விமானம் கடைக்கு வந்தாலும் முதல் வேலையாகப் புரொப்பெல்லரைக் கழற்றி என் ஹேண்ட்பேக்கில் போட்டுவிடுகிறேன். காய் நறுக்கும்போது விரல்கள் எல்லாம் இருக்கின்றன என்பது திடீரென்று ஞாபகம் வரும், மனசுக்குள் ஜெயக்குமாருக்கு ஒரு கும்பிடு போடுவேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. வேலை முடிந்ததும் புரொப்பெல்லரை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "அப்ப லைன் கிளியரைக் கேன்சல் பண்ணிடலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

பதில் வரும் வரை

சவரிமுத்து சாரின் முதல் பாடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து, போட்ட வெள்ளைச் சட்டையோடு மைதானத்துக்கு வந்துவிட்டார். நான் விமானத்தை நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய், நேராகப் பறக்கவிட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். "லேசா வலது" என்றேன். அவர் ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினார். தள்ளியவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கேதான் விஷயம். பக்கெட் வீலில் லீவரைத் தள்ளினால், அவ்வளவு பெரிய உடம்பு அதைக் கேட்டு, யோசித்து, அசைய நேரமாகும். ஆபரேட்டர் லீவரைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் அந்த வேலை. அரைக் கிலோகூட இல்லாத ஃபோம் விமானத்துக்கு அந்த மரியாதை தெரியாது. அது உடனே கேட்டது, உடனே மல்லாந்தது, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போய் மூக்கைக் குத்திக்கொண்டது. இன்னொன்றும் நடந்தது. விமானம் திரும்பத் திரும்ப இவரும் உடம்போடு சேர்ந்து திரும்பினார், பம்பரம் மாதிரி. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவருக்காக ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சார், ஆடாம நில்லுங்க. காலு தரையிலயே இருக்கட்டும், கட்டைவிரல் மட்டும் அசையட்டும்" என்று கொஞ்சம் அதட்டியே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மைதானத்தில் தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரிதான் நின்றார்.

உடைந்த மூக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர் என்னைக் குறை சொல்லவில்லை, விமானத்தையும் திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "நான் தள்ளிட்டு, மெஷினு கேக்கட்டும்னு நிக்கிறேன், அதுக்குள்ள போய்ச் சேந்துடுச்சே. அதுக்கு இவ்ளோ அவசரம் என்னாம்மா?"

ஓடுகிற பொருள்

வேலாயுதம் அண்ணன் சுரங்கப் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். நான் ஒழுங்காக செட் செய்து கொடுத்த விமானம் ஒரே வாரத்தில் அசைய மறுக்கிறது என்று கொண்டுவந்தார். பார்த்தால், அசைகிற இடம் ஒன்று விடாமல் கிரீஸ். கம்பி, கீல், சக்கரம், மோட்டாரின் வாய், எல்லாவற்றிலும் கட்டை விரலால் அப்பி வைத்திருந்தார். நம் ஊர்க் காற்றில் வருகிற கரித்தூளும் மைதானத்துச் செம்மண்ணும் அதில் வந்து உட்கார்ந்து, விமானம் வற்றல் குழம்புச் சட்டி போல இருந்தது. துடைத்து எடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. இதற்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம் அண்ணே என்று சொன்னேன். அவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். "ஓடுற பொருளுக்கு கிரீஸ் வெக்காம வுட்டுட்டு எனக்கு எப்படிங்க தூக்கம் வரும்?"

கவுண்டர் வெயிட்

விமானத்தின் அவசரம் சவரிமுத்து சாருக்குப் புரியாத குறைக்கு நான் ஒரு வைத்தியம் செய்தேன். இறக்கையிலும் வாலிலும் இருக்கும் மடிப்புகளை அசைப்பது தீப்பெட்டி அளவுள்ள ஒரு மோட்டார். அதன் கையிலிருந்து போகும் கம்பியை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டினால் மடிப்பு கொஞ்சமாகத்தான் அசையும். ரிமோட்டிலும் குச்சியின் வேகத்தைக் குறைத்து வைத்தேன். அவர் எவ்வளவு தள்ளினாலும் விமானம் இனி சாவதானமாகத்தான் திரும்பும். பேலன்ஸ் பார்த்து, ஒட்டிய மூக்கு ஒரு வாரம் நன்றாகக் காயட்டும் என்று அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

பக்கெட் வீலுக்கு முன்னால் அவ்வளவு நீளக் கையும் சக்கரமும் தொங்குகிறதல்லவா, அதற்கு ஈடாகப் பின்னால் ஒரு பெரிய பாரம் இருக்கும். கவுண்டர் வெயிட். அது இல்லாவிட்டால் மெஷின் குப்புற விழும். இந்த விமானத்தில் மோட்டார் முன்னால், பேட்டரியும் முன்னால், பின்னால் ஒன்றுமே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிறு காலை நான் விமானத்தைக் கையால் வீசினேன். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக எழுந்தது, ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு வால் முதலாக வந்து விழுந்தது. வாலில் புதிதாக ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக நட்டுகள்.

இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும், அப்போதுதான் பறக்கும், வாலில் ஒரு கிராம்கூடக் கூடாது என்று விளக்கினேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். லூர்து அக்கா என் கையிலிருந்த நட்டுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "வாரம் பூரா அடுப்பு மேடை ஸ்டாண்டு ஆடிக்கினே இருக்குது, நட்டு எங்க போச்சுன்னு நானும் வூடு பூரா தேடிக்கினு இருக்கறேன்."

பலாப்பழம் தூக்குமா?

ராமலிங்கம் பண்ருட்டியில் பலாப்பழ மொத்த வியாபாரி. கடைக்கு வந்து ஒவ்வொரு விமானமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒரு பழம் தூக்குமா மேடம்?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு பலாப்பழத்துக்கு முன்னால் இந்த விமானம் எம்மாத்திரம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் கேட்டுவிட்டார். தூக்காது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு சுளை?" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. சுளைகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, இறக்கைக்கு அடியில் பேலன்ஸ் நிற்கிற இடத்திலேயே டேப் போட்டு ஒட்டினேன். எந்தத் தகராறும் இல்லாமல் பறந்தது. பாரம் எவ்வளவு என்பதைவிட எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம் என்று நான் சவரிமுத்து சாருக்கு வாய் வலிக்கச் சொன்னதை, அங்கே நின்ற அவர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். வீட்டுக்குப் போனதும், வாலுக்குள் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த மிச்ச நட்டையும் தானாகவே கழற்றிவிட்டார்.

ராமலிங்கத்துக்கு நான் எதையும் விற்கவில்லை. ஆனாலும் சீசன் வந்தால் ஒரு பழம் என் கடை வாசலுக்கு வந்துவிடும், அப்புறம் ஒரு வாரத்துக்குச் சால்டரிங் வாசனையே தெரியாது. அன்றைக்கு விமானம் இறங்கியதும் கவரைப் பிரித்து ஒரு சுளையை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "மேல போய்ட்டு வந்ததுல ருசி கொஞ்சம் ஏறித்தான் இருக்குது."

எதுக்கு மேல போவுது?

விமானம் பறக்கிறதென்றால் செக்யூரிட்டிக்கு மூக்கு வியர்க்காமல் இருக்குமா? ஒரு ஞாயிறு சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் தனவேல். அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். படித்தார், மடித்துக் கொடுத்தார். பிறகு விமானத்தைக் கையில் வாங்கிக் குப்புறப் புரட்டிப் பார்த்தார். "கேமரா எங்க?" இல்லை என்றேன். நம்பவில்லை. சக்கரத்துக்கு அடியில்கூடப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம்.

ஆனால் அவர் செய்த உதவியை நான் மறக்கமாட்டேன். மே மாத வானம் வெளுத்துப் போய்க் கிடந்தது, வெள்ளை விமானம் அதில் காணாமல் போய்விடும். சவரிமுத்து சார் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுவார். தனவேல் தன் மார்பைத் தட்டிக் காட்டினார். "ஏன் எங்களுக்கு ஆரஞ்சு சட்டை குடுத்து வெச்சிருக்காங்க?" அன்றைக்கே இறக்கைகளின் அடியில் ஆரஞ்சு டேப் ஒட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து மைதானத்தில் மாடு நுழைந்தால் விசில் ஊதி விரட்டும் பொறுப்பையும் அவராகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு டியூட்டி இல்லாத ஞாயிறுகூட வந்து நின்றார். ஒரு கேள்வி மட்டும் அவருக்குத் தீரவே இல்லை. போகும்போது ஒவ்வொரு வாரமும் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கேட்பார்: "கேமரா இல்ல, மைக் இல்ல, ஆளும் இல்ல. அப்ப எதுக்குங்க மேல போவுது?"

எனக்கா, அதுக்கா?

மே மாதத்துக்குள் அந்த விமானத்தில் நான் மாற்றாதது அதன் பெயர் மட்டும்தான். இறக்கைகளின் நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்து ஒட்டினேன். அப்படிச் செய்தால் சாய்ந்த விமானம் தானாகவே நிமிரும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து அகலமான கால் வைத்தேன். சக்கரத்தைப் பெரிதாக்கினேன். இப்போது அது கிட்டத்தட்ட ஒரு சாதுவான பசு. எங்களை விட்டு விலகிப் போகும்போது சவரிமுத்து சார் அழகாக ஓட்டினார். திரும்பி எங்களை நோக்கி வரும்போதுதான் வினை. எதிரே வருகிற விமானத்துக்கு இடதும் வலதும் நமக்கு நேர்மாறு. அவர் வலது என்று தள்ளுவார், அது இடது பக்கம் சரியும், பதற்றத்தில் இன்னும் தள்ளுவார். அவ்வளவுதான். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள் என்று புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்கிற சூத்திரம் ஒன்று உண்டு. அதையும் சொன்னேன். வேப்ப மரம் வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கும். மரத்தைத் தாண்டினால் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். "இடதுன்னா யாருக்கு இடது? எனக்கா, அதுக்கா?" என்று விறைப்பாக நின்றபடியே கத்துவார்.

மாதத்தின் கடைசி ஞாயிறும் அப்படியே போயிற்று. இறக்கை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நான் எடுத்து வருகிறேன் என்று சொன்னதைக் கேட்காமல் அவரே நடந்துபோய் இரண்டு துண்டையும் பொறுக்கி, அவற்றின் மேல் இருந்த மண்ணைத் தட்டினார். எனக்கு, கற்றுக்கொடுக்கத் தெரியாதவளிடம் வந்து மாட்டிக்கொண்டாரே என்று இருந்தது. துண்டுகளை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டம்மா. சாவி குடுக்கற தேதியும் வந்துடுச்சு, வுட்டுடு."

மிச்சமான நாற்காலி

வண்டி வந்த அன்று காலையில் நான் ஒட்டி முடித்த விமானத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முத்தாண்டிக்குப்பத்தில் பறக்காவிட்டாலும் ஷோகேஸில் வைக்கட்டும் என்று நினைத்தேன். சாமான் எல்லாம் ஏறிக் கயிறு கட்டியாகிவிட்டது. ஒரு சுழல் நாற்காலி மட்டும் இடமில்லாமல் வாசலில் நின்றது. ஷிஃப்ட்டில் கூட வேலை பார்த்தவர்கள் வழியனுப்பு விழாவில் மாலையோடு கொடுத்தது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. லூர்து அக்கா என்னைப் பார்த்ததும், "நீயே ஒரு தபா வுட்டுக் காட்டும்மா, பாத்துட்டுப் போறோம்" என்றார்கள். உட்கார வேறு எதுவும் மிச்சமில்லாததால் சவரிமுத்து சார் அந்த நாற்காலியையே மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, கிரிக்கெட் ஆடும் சிமென்ட் பிட்ச் மேல் போட்டு உட்கார்ந்தார். ஹேண்ட்பேக்கிலிருந்து புரொப்பெல்லரை எடுத்து மாட்டி, நான் பறக்கவிட்டேன்.

இரண்டாவது சுற்றில் பக்கத்தில் கிரீச் கிரீச்சென்று ஒரு சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். நாற்காலி சுற்றிக்கொண்டிருந்தது. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கமோ, அவர் முகமும் அந்தப் பக்கம். அது எங்களை நோக்கி வந்தபோது அவர் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோளுக்கு மேலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் மேல் இருந்த அவர் வலது கை, இல்லாத ஒரு லீவரை அசைத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூடத் தப்பாக அசைக்கவில்லை. பக்கெட் வீலின் கை திரும்பினால் கேபினும் கூடவே திரும்பும். மெஷினுக்கு எது இடதோ அதுதான் அவருக்கும் இடது, அவர் வேலையே அப்படி. முதல் நாளே அவர் உடம்பு சரியாகத்தான் திரும்பியது. ஆடாமல் நில்லுங்கள் என்று சொன்ன மகராசி நான்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விமானத்தை உயரத்தில் நேராக்கிவிட்டு, ரிமோட்டை அவர் மடியில் வைத்தேன். "சார், எழுந்திரிக்காதீங்க. இது கேபின். அது திரும்பினா நீங்களும் திரும்புங்க" என்றேன். நாற்காலி உருளாமல் இருக்க லூர்து அக்கா நாலு பக்கமும் செங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். எங்களைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தியிருந்த தனவேல், தூரத்தில் வந்துகொண்டிருந்த மாட்டைப் பார்த்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார்.

அவர் சுற்றினார், விமானமும் சுற்றியது. எதிரே வரும்போது என் கைதான் ரிமோட்டைப் பிடுங்கப் போனது, அவர் கை தடுமாறவில்லை. வேப்ப மரத்தைத் தாண்டி வேகத்தைக் குறைத்தார். ஆரஞ்சு இறக்கை தாழ்ந்து வந்தது, ஸ்போக்ஸ் கால் தரையைத் தொட்டது, ஒரு துள்ளு துள்ளியது, பிறகு மண்ணில் உருண்டு வந்து பிட்ச்சுக்கு முன்னால் தானாக நின்றது. யாரும் கை தட்டவில்லை, எல்லோரும் அது எழுந்து ஏதாவது செய்யுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். லூர்து அக்காதான் முதலில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சவரிமுத்து சார் போய்ப் பேட்டரியைக் கழற்றினார், புரொப்பெல்லரைக் கழற்றி என் கையில் வைத்தார், வீட்டுச் சாவி பையில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியின் உறையை ஒரே இழுப்பில் உரித்து அதை என் பக்கம் தள்ளிவிட்டார். "எங்க வூட்டு மணல்ல இது உருளாது, உன் கடையிலயே இருக்கட்டும்மா. கேபின்லேந்து வர்றவன் நான் ஒருத்தன்தானா?"

இப்போதெல்லாம் யாராவது விமானப் பெட்டியோடு வந்து இதில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று கேட்டால், முதலில் அவர் சர்வீஸில் என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்துவிட்டு, ஸ்டூலை ஓரமாக நகர்த்தி அந்த நாற்காலியைப் போடுகிறேன்.